பவளம் சுற்றிய கம்பி

பவளம் தன் ஆயுளில் ஒரு சிகரெட்டைக்கூடப் பற்றவைத்ததில்லை. ஆனாலும் வடக்குக் கரையில் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் இருந்த காலத்தில் சிவகுருவின் மனிசி சிகரெட் பத்துகிறாள் என்ற கதை நோர்வே முழுக்க அடிபட்டு, கடல் தாண்டிப் பருத்தித்துறையில் அவளுடைய தாயின் காதுவரை போய்ச் சேர்ந்தது. தாய் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாளாம். கதை கட்டுகிறவர்களின் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

நடந்தது இதுதான். கலியாணம் கட்டி வந்த கையோடு பவளமும் புருசன் வேலை செய்த மீன் தொழிற்சாலைக்கே போனாள். கீழிருந்து வெளிச்சம் அடிக்கிற மேசையில் மீன் துண்டுகள் வந்துகொண்டே இருக்கும். வெட்டுகிறவர்கள் தவறவிட்ட முள்ளையும் புழுவையும் சாவணத்தால் பிடுங்க வேண்டும். விரல்கள் விறைத்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும். அந்தத் தொழிற்சாலையின் மேலாளன் ஒரு தனிப் பிறவி. சாப்பாட்டு நேரம் தவிர ஒருவரும் அசையக்கூடாது, ஆனால் புகைக்கிறவன் மட்டும் வெளியே போய் ஒரு சிகரெட் முடியும்வரை நிற்கலாம். அவனும் ஊதித் தள்ளுகிறவன், அதனால் வந்த சலுகை. அந்த இடைவேளைக்குப் ‘பௌசே’ என்று பெயர். நோர்வே மொழியில் எங்கள் ஆட்கள் முதலில் பாடமாக்கிய சொல் அதுவாகத்தான் இருக்கும்.

பீடி சிகரெட் எதையும் தொட்டறியாத சிவகுரு அந்தப் பௌசேக்காகப் புகைக்கப் பழகினார். அவர் மட்டுமா, அந்த வரிசையில் நின்ற பெடியங்கள் பாதிப்பேர் அப்படிப் பழகினவர்கள்தான். கால் ஆற வேண்டுமென்றால் நெஞ்சைக் கொடு என்பது என்ன நியாயமோ, அன்றைக்கு அதை ஒருவரும் அப்படி யோசிக்கவில்லை. மனைவி விரலை ஊதி ஊதி முள் பிடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவளிடமும் ஒரு சிகரெட்டைக் கொடுத்து வெளியே கூட்டி வந்தார். அவள் அதைப் பற்றவைப்பதில்லை. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நிற்பாள், மேலாளன் எட்டிப் பார்த்தால் வாயில் வைத்துக்கொள்வாள், புருசன் அவனைப் பார்த்துக் கள்ளச் சிரிப்புச் சிரிப்பார். சிவகுரு தன் சிகரெட்டின் நெருப்பு நுனியை அவளுடைய விரல்களுக்குப் பக்கத்தில் பொத்திப் பிடித்துச் சூடு காட்டுவார். "சூடு காணுமே?" என்று கேட்பார். போதுமா என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அது. காணும் என்று அவள் சொல்லவே மாட்டாள், சொன்னால் உள்ளே போக வேண்டுமே.

அதெல்லாம் முடிந்து ஒஸ்லோவுக்கு வந்து, ஸ்டோவ்னரில் உயரத்தில் ஒரு வீடு எடுத்து, மகள் நிசாந்தினியைப் படிப்பித்து, அவள் பேர்கனில் ஆசுப்பத்திரித் தாதியாகிப் போய், சிவகுருவும் பஸ் சாரதியாக ஓடி ஓடிக் கிழவனாகிவிட்டார். சிகரெட் மட்டும் பாட்ஸ்பியோர்ட்டில் இருந்து கூடவே வந்தது. போன வருசம் அவருக்குக் கோல்ஸ் என்று எழுதினார்கள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகிச் செத்துப்போகிற வருத்தம். குடும்ப வைத்தியர் ஒரு இளம் பெண். அழகாகப் படம் கீறி, போனது திரும்ப வராது, சிகரெட்டை இப்போதே விட்டால் மிச்சம் இருப்பதை வைத்துச் சில வருசம் ஓட்டலாம், விடாவிட்டால் இன்னொரு குளிர்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று சொன்னாள். பவளத்துக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. சிகரெட் நின்றால் மனுசன் இருப்பார், நிற்காவிட்டால் போய்விடுவார், அவ்வளவுதான் ஏறியது.

அவள் மன்றாடினாள், சண்டை பிடித்தாள், கோயிலுக்கு நேர்ந்தாள். தோலில் ஒட்டுகிற பிளாஸ்டர் ஒட்டினார்கள். அவர் பிளாஸ்டரையும் ஒட்டிக்கொண்டு சிகரெட்டையும் பத்தினார். கடைசியில் வைத்தியரே, புகைக்குப் பதில் மின்சாரத்தில் ஆவி வருகிற வேப் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் சிகரெட் போகட்டும், பிறகு அதையும் விடுவோம் என்று இறங்கி வந்தாள். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிற ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். சிவகுரு இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். தொண்டையில் பிடிக்கிற சூடு இல்லையாம், பிள்ளைகளின் ரொபி இனிப்பு மணக்கிறதாம். கோட்டை எடுத்துக்கொண்டு லிப்டில் இறங்கிக் கடைக்குப் போய்விட்டார்.

சூடுதான் குறை என்றால் சூட்டைக் கூட்டுவோம் என்று பவளம் நினைத்தாள். சோறு பொங்கவில்லை என்றால் அடுப்பைக் கூட்டுவதில்லையா?

இரண்டு ரயில் தரிப்பு தள்ளி ஒரு வேப் கடை இருந்தது. கழுத்துவரை பச்சை குத்திய லீசா என்ற பெண் அதை நடத்தினாள். பவளம் வாயைத் திறந்ததும் லீசா சிரித்துவிட்டாள். பவளத்தின் நோர்வே மொழி வடக்குத் தொங்கலில் மீன்காரரோடு பழகி வந்தது. ஒஸ்லோக்காரருக்கு அது எப்போதும் பகிடி. ஆனால் லீசா பகிடிக்குச் சிரிக்கவில்லை, அவளும் வடக்கத்தியாள். அதோடு இருவரும் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்கள். சேலை கட்டின ஒரு அம்மா வந்து, ஒரு சிகரெட்டுக்கு உள்ள சூடு வேண்டும், நானே செய்து கொடுக்கப் போகிறேன் என்று நிற்பதை லீசா தன் கடையில் அதுவரை கண்டதில்லை.

லீசா ஒரு கருவியைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு திருகாணி, அவற்றுக்கு நடுவில் ஒரு கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு. பஞ்சு திரவத்தைக் குடிக்கும், மின்சாரம் போனால் கம்பி சுடும், திரவம் ஆவியாகும். கந்தால் என்கிற கம்பிதான் பழகுகிறவர்களுக்கு நல்லது, நைக்ரோம் அதைவிடச் சுறுக்காகச் சூடேறும், நிக்கல் கம்பி வெப்பத்தை அளக்கிற கருவிகளுக்கு மட்டும், அதை நீ தொடவே கூடாது என்றாள். மெல்லிய கம்பி கொஞ்ச வாட் மின்சாரத்திலேயே கொதித்துவிடும். மொத்தமான தடித்த கம்பி ஆறுதலாக, மெல்ல மெல்லச் சூடேறும், கூட வாட் கேட்கும், ஆனால் சூடு பரந்து நிறைய ஆவி வரும். சின்னச் சுருளுக்கு அதிக வாட் கொடுப்பது சின்னத் தாச்சிச் சட்டியைப் பெரிய அடுப்பில் வைப்பது போல என்று பவளம் தனக்குள் விளங்கிக்கொண்டாள். இன்னொன்றும் லீசா சொன்னாள். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை கம்பியின் சூட்டை ஆவி கொண்டுபோய்விடும், பஞ்சு காய்ந்தால் சூடு போக வழியில்லாமல் கம்பி நெருப்பாகிப் பஞ்சைக் கருக்கும். பவளம் ஓம் ஓம் என்று தலையாட்டி, கருவியையும் மெல்லிய கந்தால் கம்பியையும் வாங்கிக்கொண்டாள். அந்தக் கடைசி விசயத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

சிவகுருவின் கை நடுங்கும், அவரால் கம்பி சுற்ற முடியாது. பவளத்துக்கு அது விளையாட்டு. மீனில் மயிர் மாதிரி முள்ளைப் பிடுங்கின கை அல்லவா! சின்ன ஆணியில் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, கால்களைத் திருகாணிக்குள் விட்டு இறுக்கி, பஞ்சு வைக்காமல் ஒரு தரம் சூடாக்கிப் பார்த்தாள். சுருள் நடுவில் சிவந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பரவியது. பிறகு பஞ்சை எடுத்தாள். அன்று வெள்ளிக்கிழமை, சுவாமி விளக்குக்கு அப்போதுதான் திரி திரித்து முடித்திருந்தாள். அதே கையோடு இதையும் உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி, சுவாமி திரியைப் போலவே இறுக்கமாக, நூல் மாதிரித் திரித்துச் சுருளுக்குள் செருகினாள். விபூதி மட்டும் தொட்டுத் திரிக்கவில்லை, அந்தளவுக்குப் புத்தி இருந்தது. திரிக்கும்போது முருகனிடம் கேட்க வேண்டியதையும் கேட்டாள்.

சிவகுரு ஆசையாக இழுத்தார். முதல் இழுவைக்குக் கொஞ்சம் ஆவி வந்தது. இரண்டாவதில் கருகல் நெஞ்சுக்குள் போய், மனுசன் இருமத் தொடங்கி நிறுத்த முடியாமல் நிலத்தில் குந்திவிட்டார். உதடு நீலமாகியது. பவளம் முதுகைத் தடவிக்கொண்டு அழுதாள். மூச்சு வந்ததும் அவர் எழுந்து கோட்டைப் போட்டார். சிகரெட் கடைக்குத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியை மறுபடி பிரித்தாள்.

கம்பிதான் பிழை என்று அவள் முடிவு கட்டினாள். மெல்லிய கம்பியை எறிந்துவிட்டு மொத்தக் கம்பி வாங்கினாள். வாட் குறைவென்றால் ஆவி வரவில்லை, கூட்டினால் கருகியது. நைக்ரோம் வாங்கினாள், அது இன்னும் சுறுக்காகக் கருகியது. சுற்றுக்களைக் கூட்டினாள், குறைத்தாள், சுருளை அகலமாக்கினாள். கம்பியில் செய்யக்கூடிய அத்தனையையும் செய்தாள். ஒவ்வொரு தரமும் பஞ்சை மட்டும் அதே மாதிரி, பக்தியாக, இறுக்கித் திரித்தாள். "சூடு காணுமே?" என்று கேட்பாள். அவர் ஒரு இழுவை இழுத்துவிட்டு முகத்தைச் சுழித்து, அவள் மனம் நோகக்கூடாது என்று நாளைக்குப் பார்ப்பம் என்பார். பிறகு லிப்டில் இறங்கிப் போவார். இலை கொட்டி, மழை பெய்து, முதல் பனியும் விழுந்துவிட்டது. அவ்வளவு காலமும் அவர் முந்தியைவிட அதிகமாகப் புகைத்தார்.

நிசாந்தினிக்கு விசயம் தெரிந்து பேர்கனில் இருந்து போன் எடுத்துக் கத்தினாள். ஆசுப்பத்திரியில் இந்த வருத்தக்காரரை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவள். அம்மாவே அப்பாவுக்குப் புகை செய்து கொடுக்கிற கூத்தை ஆரிடம் சொல்ல என்று கேட்டாள். பவளம் பதிலுக்குக் கத்தவில்லை. சிகரெட்டை நிறுத்துகிற வழி உன்னிடம் இருந்தால் கொண்டு வா, நான் இதை விடுகிறேன் என்றாள்.

கடைசியில் பவளம் கருவியை அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டு லீசாவிடம் போனாள். லீசா மூடியைக் கழற்றிப் பார்த்தாள். கம்பியைப் பார்த்து, இவ்வளவு அழகாக நான்கூடச் சுற்றமாட்டேன் என்றாள். பிறகு சாவணத்தால் பஞ்சை இழுத்தாள். கருகின அந்தத் திரி நூல் மாதிரி நீட்டாக வந்தது. எந்த மெழுகுதிரிக்கு இதைச் செய்தாய் என்று கேட்டுச் சிரித்தவள், பவளத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். பஞ்சைத் திரிக்கவே கூடாது, தளர்வாக, தலைமயிரைச் சீவினது போல விட வேண்டும், இறுக்கினால் அது திரவத்தைக் குடிக்காது, எந்தக் கம்பி போட்டாலும் எத்தனை வாட் வைத்தாலும் கருகத்தான் செய்யும் என்று மெதுவாகச் சொன்னாள்.

பவளம் வீட்டுக்கு வந்து காலில் கிடந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். தன் விரல்களைப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஆறு வயதில் தாய் பழக்கின திரி. விளக்கு நின்று எரிய வேண்டுமென்றால் இறுக்கித் திரிக்க வேண்டும் என்பது அவளுடைய கைக்குள் ஊறிப்போன விசயம், அதை ஒரு கணம்கூட அவள் சந்தேகப்படவில்லை. அந்தக் கைதான் மழைக்காலம் முழுக்க அவரைச் சிகரெட்டுக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நாசமாய்ப் போன கை என்று வாய்விட்டே திட்டினாள்.

அன்று செய்தது சரியாக வந்தது. நடுத்தர மொத்தத்தில் கந்தால் கம்பி, அளவான வாட், பூப்போலப் பஞ்சு. சிவகுரு பயந்து பயந்து இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூக்காலும் வாயாலும் வெள்ளையாக ஆவி வந்தது.

"சூடு காணுமே?"

"இதுதானப்பா," என்றார். "இதைத்தான் இவ்வளவு நாளும் கேட்டனான்."

அந்த மார்கழி முழுக்க அவர் ஒரு சிகரெட்டும் தொடவில்லை. கோட்டில் இருந்த லைற்றரைத் தானே எடுத்துக் குப்பையில் போட்டார். பவளத்துக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குப் போன் எடுத்து வெற்றி கொண்டாடினாள், கோயிலுக்குப் போய் நேர்த்தியைத் தீர்த்தாள். சந்தோசம் என்றால் எத்தனை நாளைக்கு என்று யார் கேட்டார்கள்? தை பிறந்ததும் அவருக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. மற்றவர்களுக்குத் தேத்தண்ணியும் பெனடோல் மாத்திரையும் காணும் என்கிற அளவு காய்ச்சல்தான். அவரை அம்புலன்சில் ஏற்றினார்கள்.

ஆசுப்பத்திரியில் இருந்து திரும்பி வந்தவர் பாதி ஆளாக இருந்தார். கோடைகாலத்தில் மூச்சை அளக்க ஊதிப் பார்த்த அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் இருந்த வித்தியாசத்தை வைத்தியர் காட்டியபோது, ஏன் இப்படி விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பவளத்துக்குக் கேட்கத் தேவையில்லை. கோடைக்கும் தைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய மழைக்காலம்.

வீட்டுக்கு ஒட்சிசன் மெஷின் வந்தது. மூலையில் இருந்து இரவும் பகலும் உறுமும். அதில் இருந்து ஒரு நீளக் குழாய் அவருடைய மூக்குக்குப் போனது. கொண்டுவந்த தாதி வீட்டைச் சுற்றிப் பார்த்து, இனி இந்த வீட்டில் நெருப்பு என்ற பேச்சே இருக்கக்கூடாது என்றாள். சிகரெட் கூடாது, வேப்பும் கூடாது, சுடுகிற கம்பி எதுவுமே ஒட்சிசனுக்குப் பக்கத்தில் வரக்கூடாது, உடுப்பிலும் மயிரிலும் ஊறியிருக்கிற ஒட்சிசனே பற்றிக்கொள்ளும். பிறகு சுவாமித் தட்டைக் காட்டி, அதுவும்தான் என்றாள். பவளம் எழுந்து போய்த் தன் கையாலேயே விளக்கை அணைத்தாள். நிசாந்தினி வந்து பற்றரியில் எரிகிற விளக்கொன்று வாங்கி வைத்துவிட்டுப் போனாள். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், அணையவும் மாட்டாது. அது முருகனுக்குப் பிடித்ததோ என்னவோ, பவளத்துக்கு அதன் முன்னால் நின்று கேட்க ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நாள் போய் சிவகுரு கேட்கத் தொடங்கினார். சிகரெட் கேட்கவில்லை. அவள் சுற்றினதைத்தான் கேட்டார். "பவளம், ஒரு பௌசே தாருமன்," என்பார். அவள் ஏசினாள், கேளாத மாதிரி இருந்தாள், குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அடுத்த நாளும் அதே குரலில் கேட்டார்.

மாசி முடிகிற நேரம் வைத்தியர் வீட்டுக்கே வந்தாள். வழக்கமாகப் படம் கீறிக் காட்டுகிறவள் அன்றைக்குப் பேனையை எடுக்கவில்லை. இனிப் புது மருந்து ஒன்றும் இல்லை, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவதா வீட்டில் வைத்திருப்பதா என்று குடும்பமாக யோசியுங்கள், அவருக்கு விருப்பமானதைச் செய்து கொடுங்கள் என்றாள். பவளம் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள், நன்றி சொன்னாள், கதவைச் சாத்தினாள். பிறகு குசினி மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்து கம்பியை எடுத்தாள்.

மதிய வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. இருப்பதிலேயே மெல்லிய கம்பியை எடுத்தாள். மொத்தக் கம்பி சூடேறும்வரை இழுத்துப் பிடிக்க அவருக்கு மூச்சு காணாது. மெல்லியது என்றால் தொட்டதும் சுடும், சின்ன வாட்டும் போதும். பஞ்சைத் தளர்வாக விட்டு, திரவம் ஊறும்வரை காத்திருந்தாள். உள்ளே வந்து மெஷினை நிற்பாட்டினாள். வீடு திடீரென்று அமைதியானது. குழாயைக் கழற்றி, அவருடைய சுவெற்றரையும் சேர்ட்டையும் மாற்றி, தலையை ஈரத் துணியால் துடைத்து, பல்கனிக் கதிரைக்குத் தாங்கிக் கொண்டுபோய் இருத்தினாள். கம்பளியால் போர்த்திக் காற்றில் நன்றாக ஆறவிட்டாள். பிறகு கருவியை அவருடைய கையில் கொடுத்தாள்.

அவர் அதை வாய்க்குக் கொண்டு போனார். உதடு பொருந்தியது. கன்னம் கொஞ்சம் உள்ளே குழிந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் நெஞ்சு எழும்பவில்லை. பவளம் குனிந்து பார்த்தாள். அவருடைய பெருவிரல் பொத்தானுக்குப் பக்கத்தில் கிடந்தது, பொத்தானில் இல்லை. வெளிச்சம் எரியவில்லை. கம்பி குளிர்ந்தபடியே இருந்தது.

அவருடைய விரலை எடுத்து வைத்து அழுத்திவிடலாமா என்று நினைத்தாள். இழுக்கிற காற்று நெஞ்சில் இல்லாதவருக்கு எந்தச் சூட்டைக் கொடுத்து என்ன? கையை எடுத்துவிட்டாள்.

"சூடு காணுமே?" என்று கேட்டாள்.

சிவகுரு கருவியை வாயில் இருந்து எடுத்து, புகை விடுகிறவரைப் போல உதட்டைக் குவித்து ஊதினார். ஒன்றும் வரவில்லை. அவளைப் பார்த்து, பாட்ஸ்பியோர்ட்டில் மேலாளன் எட்டிப் பார்க்கும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"நல்ல சூடு, பவளம். அருமையாச் சுத்தியிருக்கிறீர்."

"ஓம், இந்தக் கம்பி நல்லது," என்றாள் பவளம்.

பற்றவைக்காத ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் இருந்தார். அவர் இனி அதிக நாள் இருக்கமாட்டார் என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அழுதால் அவருக்கும் விளங்கிவிடும் என்று அழவில்லை. ஒரு சிகரெட் முடிகிற நேரம் பக்கத்தில் நின்றாள். பிறகு அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய், குழாயை மூக்கில் மாட்டி, மெஷினைப் போட்டாள்.